மாகறல் வட்டாரத்தில் அரிவாள் செருகும் மரபுகள்: ஓர் ஆய்வு

அரிவாளால் என்னென்ன செய்யலாம் என்பதைத் தமிழ் சினிமா தேவைக்கு அதிகமாகவே ஆராய்ந்துவிட்டது. அதை வயலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதை மட்டும் யாரும் ஆராயவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

களம், செய்யாற்றங்கரை மாகறல். தேர்வுக்குக் காரணம் உண்டு. சம்பந்தர் பாடிய இவ்வூர்க் கோயிலின் தலபுராணமே கருவியைக் கவனமின்றிக் கையாண்ட கதைதான். பொன்னிற உடும்பு புற்றுக்குள் ஓடி ஒளிய, சோழனின் ஆட்கள் புற்றை வெட்ட, ஆயுதம் வாலில் பட்டு ரத்தம் பெருகிற்று; பிறகு லிங்கம் வெளிப்பட்டது. கவனக்குறைவாக வெட்டும் எல்லோருக்கும் தரிசனம் வாய்க்காது. மற்றவர்களுக்கு வாய்ப்பது டி.டி. ஊசி.

பக்கத்து உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் குடவோலையில் யார் பெயர் இடம்பெறலாம், யார் பெயர் கூடாது என்று விலாவாரியாகச் சொல்கின்றன. அரிவாளை எங்கே செருகுவது என்று ஒரு வரி கிடையாது. ஆகவே வரப்பே கதி.

முதலாவது, பின்கழுத்து மரபு. அரிவாளின் வளைவைச் சட்டைக் காலரில் மாட்டி, பிடியை முதுகில் தொங்கவிடுவது. இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். நடை கம்பீரமாக இருக்கும். மடையை அடைக்கக் குனியும்போதுதான் பிடரிக்கும் நுனிக்கும் அறிமுகம் நடக்கிறது.

அடுத்தது இடுப்பு மரபு. வேட்டிக் கட்டில், பின்பக்கமாக. கொடுவாளுக்கு இது சரி, கருக்கரிவாளுக்கு ஆகாது. கருக்கின் பொடிப்பற்களை உற்றுப் பாருங்கள். எல்லாம் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் தள்ளும்போது வழுக்கி, இழுக்கும்போது அறுக்கிறது. இடுப்பிலிருந்து உருவுவதும் இழுப்பதே என்பதை வேட்டிகள் நன்கு அறியும்.

புல் அறுக்கப் போகும் பெண்களின் முறையே இந்த ஆய்வில் முதலிடம் பெறுகிறது. அறுத்து முடித்ததும் அரிவாளைப் புல்லுக்கட்டின் நடுவிலேயே செருகிவிடுவார்கள்; பிடி மட்டும் வெளியே தெரியும். உறைக்குச் செலவில்லை. வீட்டில் கட்டைப் பிரிக்கும்போது முதல் வேலை அதை உருவிக் கூரை இறப்பில் செருகுவது. மறந்தால் மாடு கண்டுபிடிக்கும்.

உறையைப் பற்றி முறையாகச் சிந்தித்தவர்கள் பனையேறிகள். பாளை சீவும் அரிவாள் சவரக்கத்திக்குச் சமம். ஏறுகிறவருக்கோ இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும். அதனால் இடுப்புக்குப் பின்னே அரிவாள் பெட்டி கட்டிக்கொண்டார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்தானே, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்சி என்ற மனிதன், அவன்கூடத் தன் கற்கத்தியை மரப்பட்டை நாரில் பின்னிய உறைக்குள்தான் வைத்திருந்தான். நம்மவர் டிவிஎஸ் எக்ஸெல்லின் கால் பலகையில் உறையில்லாமல் போட்டு, மேலே பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டு போகிறார். மனித குலம் முன்னேறிக்கொண்டே இருக்கிறது என்போர் கவனிக்க.

சட்டப் பின்னணியையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருளை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால் ராத்திரி ரோந்தில் வழிமறிக்கும் காவலருக்கு உங்கள் அரிவாள் விவசாயி என்று தெரிய வேண்டுமே! புல்லுக்கட்டு உடனிருந்தால் அதுவே சான்றிதழ். கட்டில்லாத அரிவாள் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

கை மாற்றும் சடங்கு தனி அத்தியாயத்துக்குரியது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது ஐதீகம். “கீழ வை பெரிம்மா, நான் எடுத்துக்கிறேன்” என்பார் வாங்குபவர். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள், பிடியை யார் பிடிப்பது, வாயை யார் பிடிப்பது என்ற சிக்கலை இதைவிட எளிதாகத் தீர்த்துக் காட்டட்டும். சண்டை வராது என்பதற்கு நான் பொறுப்பல்ல. விரல் தப்பும் என்பதற்குப் பொறுப்பு.

கடைசியாக, காஞ்சிபுரம் – உத்திரமேரூர் பஸ்ஸில் அரிவாளோடு ஏறும் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழஞ்சாக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, கயிறு கட்டி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். தலைக்கு மேலே சாமான் பலகையில் மட்டும் வைக்காதீர்கள். டிரைவர் பிரேக் போடுவார்.