அர்த்தநாரீசுவர வாதம்: ஆங்கிலத்தின் ஒருபொருட் சொல்லும் எதிர்ப்பொருட் சொல்லும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாளில், நூறு மதிப்பெண்ணுக்கு ஆறே மதிப்பெண் உரியனவாக, முதல் மூன்று வினாக்கள் ஒருபொருட் சொல்லையும் அடுத்த மூன்று வினாக்கள் எதிர்ப்பொருட் சொல்லையும் கேட்டு நிற்பதை நம் நாட்டில் பிள்ளை பெற்ற யாவரும் அறிவர். ஆயின் மூன்றாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் நடுவே குறுக்கிடும் அந்த ஒற்றை வரித் தலைப்பிலே, சங்கரர் முதலிய ஆசாரியர்கள் ஆயுட்காலம் முழுவதும் வாதித்த பேதாபேத விசாரம் முழுமையும் ஒடுங்கிக் கிடக்கிறது என்னும் உண்மையைப் பண்டிதர்கள் கண்டுகொள்ளாமல் விட்டது விசனிக்கத்தக்கது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

ஆராய்ச்சிக்கு வாசுதேவநல்லூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே கிடக்கும் இவ்வூரின் பெயர் திருமாலுக்கு உரியது. ஊரின் பெருமைக்குரிய கோயிலோ சிவனுக்கு உரியது. அச்சிவனும் தனியே நில்லாமல் பாதி உடலை அம்மைக்கு ஈந்து அர்த்தநாரீசுவரராய், சிந்தாமணிநாதர் என்னும் திருநாமத்தோடு காட்சி தருகிறார். கிழக்கே சற்றுத் தொலைவிலுள்ள சங்கரன்கோவிலிலே அரியும் அரனும் ஒரே மேனியில் சங்கரநாராயணராய் நிற்கின்றனர். மாறுபட்ட இரண்டும் ஒன்றே என்று இவ்வளவு நெருக்கத்தில் இருமுறை ஸ்தாபித்துக் காட்டிய பிரதேசத்தில், ‘ஹாட்’ என்பதற்கு ‘கோல்ட்’ நேரா எதிரா என்று தடுமாறும் ஒரு சிறுவனை அறிவிலி என்று தள்ளிவிடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தோடு இவ்வூருக்கு நேர்ந்த பழைய பரிச்சயமும் சுமுகமானதன்று; 1767-ஆம் ஆண்டில் கர்னல் டொனால்டு கேம்பல் பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டது இங்கிருந்த மண்கோட்டையைத்தான்.

இவ்விஷயத்தில் மாணவர்கள் மூன்று மதத்தினராகப் பிரிந்திருக்கக் காண்கிறோம். முதலாமவர் துவைதிகள். இவர்கள் கைடு எனப்படும் சாஸ்திரத்தைப் பிரமாணமாகக் கொண்டு, நடுவில் சிவப்பு மையால் கோடு கிழித்த நோட்டிலே இடப்பக்கம் நேரும் வலப்பக்கம் எதிருமாக எழுதி வைத்து, விடியற்காலையில் மார்க்கண்டேயன் லிங்கத்தைப் பற்றியதுபோல் அந்நோட்டைப் பற்றிக்கொண்டு தெருவதிர ஓதுபவர். இரண்டாமவர் தலைப்பைப் படிக்காத அத்வைதிகள். நாமரூப பேதங்களில் இவர்களுக்கு நாட்டமில்லை. கேள்வியில் உள்ள சொல்லோடு சம்பந்தமுடையதாக விடைகளில் எது கண்ணிற் பட்டாலும் அதை வட்டமிட்டுவிடுவர். நேர்ச்சொல் கேட்கும் வினாவின் நான்கு விடைகளில் ஒன்றாக எதிர்ச்சொல்லையும் பதுக்கி வைக்கும் வினாத்தாள் ஆசிரியர், இவர்களுடைய மாயையை விலக்கவே அவதரித்தவர். மூன்றாமவர் சரணாகதி மார்க்கத்தினர். தெரியாத வினாவுக்கெல்லாம் ‘ஸி’ என்று எழுதி, பாரத்தைத் திருத்துகிறவரின் கிருபையில் வைத்துவிடுவர். பரீட்சை முடிந்த பிற்பகலில் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடையில், “என்னல தம்பி, பரீட்சை எப்படி?” என்று கடைக்காரர் வினவ, “எல்லாம் எழுதிட்டேன் அண்ணாச்சி, சினானிமும் ஆன்டனிமும் மட்டும் இடம் மாறிப் போச்சு” என்று ஒரு பையன் சற்றும் கலங்காமல் விடையிறுப்பானாயின், அவன் இரண்டாம் மதத்தில் பரிபூரண சித்தி எய்தியவன் என்று கொள்க.

துவைதிகளுள் ‘முன்னொட்டு வாதிகள்’ என ஓர் உட்பிரிவும் உண்டு. ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’ என்னும் மூன்று அட்சரங்களில் ஒன்றை முன்னே கூட்டினால் எச்சொல்லும் எதிர்ச்சொல்லாகிவிடும் என்பது இவர்களது மந்திரம், பெரும்பாலும் பலிக்கும். பலியாத இடத்தையும் இவ்வூரிலேயே காட்டலாம். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துப் போகிறது. அதில் எரிபொருள் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறத்தில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். முன்னொட்டு வாதியின் சித்தாந்தப்படி அது தீப்பற்றாத வண்டி. அந்நம்பிக்கையில் அதனருகே நின்று பீடி பற்ற வைப்பானாயின், ‘ஃப்ளேமபிள்’ என்பதும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதும் ஒரே பொருளன என்னும் இலக்கண உண்மையை அவன் அறிந்துகொள்ளும் முறை வெகு சுருக்கமானது.

இனிச் சித்தாந்தத்துக்கு வருவோம். எதிர்ப்பொருட் சொல் பகைச்சொல் அன்று, உடன்பிறந்த சொல் என்பதே எம் துணிபு. ‘ஹாட்’ என்பதும் ‘கோல்ட்’ என்பதும் வெப்பநிலை என்னும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவை. ஒரே ஓர் அம்சத்தில் மாத்திரம் பிணங்கி, மற்றெல்லாவற்றிலும் ஒத்திருப்பவை. ‘ஹாட்’ என்பதற்கு எதிர் ‘நாற்காலி’ என்று எந்த மூடனும் சொல்வதில்லை; எதிராவதற்கே அவ்வளவு உறவு வேண்டியிருக்கிறது. பங்காளிகளுக்குள்தானே வாய்க்கால் தகராறு வரும். 1910-ஆம் ஆண்டில் கென்ட், ரோசனாஃப் என்னும் இருவர் அமெரிக்காவிலே ஆயிரம் பேரிடம் நூறு சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, கேட்டவுடன் மனத்தில் எழும் முதற் சொல் யாது என்று பரிசோதித்தபோது, இருட்டு என்றதும் வெளிச்சம் என்ற விடையே முந்தி வந்தது. ஆங்கிலச் சொற்களைப் பொருள்வழித் தொகுத்து 1852-இல் வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜே என்னும் வைத்தியரும், எழுபது வயதைக் கடந்த அந்த அநுபவ முதிர்ச்சியில், எதிரும் புதிருமான கருத்துக்களை ஒரே பக்கத்தில் அருகருகே இரு பத்திகளாக நிறுத்தினாரேயன்றி வேறு வேறு சம்புடங்களில் பிரித்து வைத்தாரில்லை. இவர்களுக்கெல்லாம் முன்பே எம் சித்தாந்தத்தை அநுஷ்டானத்தில் கொண்டுவந்தவர்கள் இப்பக்கத்து ஜனங்கள். விருந்தினர் ஒருவர் வாசற்படி இறங்கும்போது “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். “போறேன்” என்று மெய்யைச் சொல்லிவிட்டால், வீட்டுக்கார அம்மாள் அவரை மறுபடி உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்தே அனுப்புவாள்.

எதிர்ச்சொல் இவ்வளவு நெருக்கமாயிருக்க, ஒருபொருட் சொல்லோ அயலூர்க்காரன். 1066-ஆம் ஆண்டில் நார்மன் வேந்தன் இங்கிலாந்தை வென்றதன் பயனாக, உழவர் பேசிய சாக்சன் மொழியின் மேல் அரண்மனையின் பிரெஞ்சு வந்து ஏறி, பின்னர் அதன் மேல் கல்விமான்களின் லத்தீனும் வந்து அமர, ஒரே செயலுக்கு மூவகைச் சொற்கள் அம்மொழியில் உண்டாயின. ‘ஆஸ்க்’ என்பது வீட்டில் கேட்பது. ‘கொஸ்டின்’ என்பது பள்ளியில் கேட்பது. ‘இன்டராகேட்’ என்பது போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது. கைடு இம்மூன்றையும் சமம் என்கிறது. அதை நம்பிய பிள்ளை, தன் பாட்டியைச் சௌக்கியமா என்று ‘இன்டராகேட்’ செய்ததாகக் கட்டுரை எழுதுகிறான். நம் வீடுகளில் சோறு, பந்தியில் சாதம், மடைப்பள்ளியில் பிரசாதம் என்று ஒரே அரிசி மூன்று அந்தஸ்துகளில் வெந்து இறங்குவதைக் கண்டு வளர்ந்தவனுக்கு இந்நுட்பம் விளங்காதது அவன் குற்றமன்று. சொல்லுக்கும் அந்தஸ்து உண்டு என்பதை அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நிகண்டு ஓதிய பழைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தானே உருப்போட்டார்கள் என்று பூர்வபட்சத்தார் கேட்கக்கூடும். உருப்போட்டார்கள், மெய்யே. சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் முதற் பத்தும் ஒரு பொருளின் பல பெயர்களைக் கூறுவனவே. ஆயின் நிகண்டு செய்யுளாக இருந்தது; சொற்கள் சந்தத்தோடு நாவில் ஏறின; ஏறிய சொல்லை மறுநாளே சதகத்திலோ அந்தாதியிலோ பிள்ளை நேரில் சந்தித்தான். இன்றைய பிள்ளையோ ‘பெனிவொலன்ட்’ என்றால் ‘கைண்ட்’ என்று இரவெல்லாம் நெட்டுருச் செய்கிறான். இரண்டில் எதையும் ஒரு வாக்கியத்துக்குள் வைத்து ஒருவர் பேச அவன் கேட்டதில்லை. ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்லிவிட்டு, பெண்ணையும் பிள்ளையையும் கடைசிவரை கண்ணிற் காட்டாத கல்யாணத் தரகர் வேலை இது. இதில் எமக்குக் கோபம் உண்டு. கோபம் ஆராய்ச்சிக்கு ஆகாது என்பதால் மேற்செல்கிறோம்.

மேற்செல்ல வேண்டிய இடம் ஏழாம் வினா. ஆறு வினாக்களில் பேதத்தையும் அபேதத்தையும் விசாரித்து முடித்த வினாத்தாள், ஏழாவதில் பெரும்பாலும் ஓர் ஒருமைச் சொல்லைக் கொடுத்து அதன் பன்மையைக் கேட்கிறது. ஏகமாயிருந்தது அநேகமாயினது எங்ஙனம் என்னும் இப்பிரச்சினை சிருஷ்டி ரகசியத்தைச் சார்ந்தது. ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு கேட்பது அநியாயம் என்று பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலர் எம்மிடம் முறையிட்டிருக்கின்றனர். அவர்களுக்கும் இப்போதைக்கு ‘ஸி’ என்றே சொல்லி அனுப்பியிருக்கிறோம்.