மேசைமேல் காப்பி ஆறாமை: சித்தூர், திருப்பதி மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

பானத்தின் சூட்டையோ குளிர்ச்சியையோ மேசைமேல் இருந்தபடியே காப்பதாகச் சொல்லி விற்கப்படும் உள்ளங்கையகல மின்தட்டு, இக்கட்டுரையில் 'பானவெப்பநிலைப்பேணி' என வழங்கப்பெறும். அதை வாங்கியவர், விற்றவர், தூசி துடைப்பவர் ஆகிய மூவரும் 'கப் வார்மர்' என்றே சொல்வது கலைச்சொல்லாக்கத்துக்குத் தடையாகக் கொள்ளப்படவில்லை. அத்தகைய தடைகள் என்றுமே பொருட்படுத்தப்பட்டதில்லை.

1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தமையால், முந்தைய நாள்வரை ஒரே காப்பியாக இருந்தது மறுநாள் இரு காப்பிகளாகி, ஒப்பியலுக்கு வேண்டிய தகுதியை ஒரே இரவில் எய்தியது. ஒரு பட்டத்துக்கே போதுமா என்று ஐயுறப்பட்ட பொருள் இரண்டு பட்டங்களுக்கு இடம் கொடுத்ததை ஆய்வுலகம் நன்றியுடன் நினைவுகூர்கிறது.

இருவேறு கடத்திகள் இணையுமிடங்களில் மின்சாரம் பாயும்போது ஓரிடம் சூடாகி மற்றோரிடம் குளிர்வது 'பெல்டியே விளைவு' எனப்படும். கடிகாரத் தொழிலிலிருந்து அறிவியலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ழான் பெல்டியே இதை 1834இல் கண்டறிந்தார். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் சூடும் குளிரும் இடம் மாறும் என்பதால், ஒரே தட்டு காப்பிக்கும் மோருக்கும் ஊழியம் செய்ய வல்லதாகிறது. பெல்டியே என்னும் பெயர் 'பீடத்தியார்' என்பதன் மரூஉவே என்று நிறுவ முனையும் ஒரு சாரார் உளர். சிற்றூர் சித்தூரான விளக்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தபின் அவர்களைத் தடுத்து நிறுத்துவார் இல்லை.

மோரைப் பொறுத்தவரை, கோடையில் நாற்பது பாகையைத் தாண்டும் திருப்பதியில் அது மேசைமேல் காத்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

கணினியின் பழைய வகை யுஎஸ்பி துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தருவது. 150 மில்லிலிட்டர் காப்பியின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 630 ஜூல் வேண்டும். ஆதலால் சூடு சிறிதும் வெளியேறாத ஓர் உலகிலும் அந்த ஒரு பாகைக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். சூடான பொருள் ஆறும் வேகம் அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைச் சார்ந்தது என்னும் கருத்தை நியூட்டன் 1701இல் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். இன்றாயின் பதவி உயர்வுக்குரிய புள்ளி ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திராது. அவர் கருத்தின்படி, அக்கினி நட்சத்திரக் காலத்துத் திருப்பதி எந்தத் தட்டின் உதவியுமின்றித் தானே ஒரு பானவெப்பநிலைப்பேணியாகும்.

இனி ஆடை. பாலிலுள்ள புரதமும் கொழுப்பும், சூட்டாலும் மேற்பரப்பின் நீர் ஆவியாவதாலும் திரண்டு படியும் மெல்லிய ஏடே ஆடை எனப்படுகிறது. டவராவுக்கும் டம்ளருக்கும் இடையே தூக்கி ஆற்றப்படும் காப்பி ஓயாமல் கலக்கப்படுவதால் அதில் ஆடை நிலைப்பதில்லை. தட்டின்மேல் அசையாமல் வீற்றிருக்கும் காப்பியோ ஆடை உடுத்தே தீரும். அதை எதிர்கொள்வோர் விரலால் எடுத்து டவரா விளிம்பில் ஒட்டுவோர், ஊதி எதிர்க்கரைக்குத் தள்ளுவோர், கண்ணை மூடி விழுங்குவோர் என மூவகைப்படுவர். ஊதுவோரை, ஊதிய ஆடை திரும்பிவந்து மீசையில் படிந்தோர் என்றும் படியாதோர் என்றும் மேலும் பகுப்பர். மீசையில்லாதாரை எவ்வகையில் அடக்குவது என்னும் வினாவுக்கு விடைதரும் ஒரே சான்று, ஓர் அலுவலக வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் பச்சை மையால் எழுதப்பட்ட தேதியற்ற குறிப்பாகும். அக்குறிப்பின் பிற்பாதி டம்ளர் வைத்த வட்டக் கறைக்குள் அகப்பட்டு மறைந்துபோக, அதற்குப் பென்சிலால் எழுதப்பட்ட மறுப்பையும் எவரோ அழித்துவிட்டமையால், அழித்த ரப்பரின் தூள் எப்பக்கம் ஒதுங்கியுள்ளது என்பதை வைத்தே மறுத்தவரின் கட்சி இன்று துணியப்படுகிறது. தூள் வலப்பக்கம் ஒதுங்கியது மின்விசிறியால் என்று சொன்ன கடைநிலை ஊழியரின் கூற்று, அவர் எந்தக் கருத்தரங்கிலும் கட்டுரை வாசிக்காதவர் என்பதால் ஏற்கப்படவில்லை.

திறந்த டம்ளரிலிருந்து சூடு வெளியேறும் பெருவழி அடிப்பாகமன்று, ஆவி எழும் மேற்பரப்பே. அடியிலோ பெரும்பாலான கோப்பைகளுக்கு விளிம்பு மட்டுமே தட்டில் படிய, நடுவே காற்று அடைபட்டுக் கிடக்கிறது. இவ்வுண்மைக்கு இசைய, இரு மாவட்டங்களிலும் இக்கருவி மிகச் சிறந்த பயனைத் தந்தது, கவிழ்த்து டம்ளரின் வாயை மூடிவைத்தபோதுதான். அப்போது அதன் கம்பியைப் பிடுங்கி எவரோ கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்.