போனில் அடங்காத மெயினருவி

கேள்வி: குற்றாலம் மெயினருவியில் நின்றபடி மனைவிக்குப் போன் போட்டு அருவிச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். ‘வடைக்கடையில என்ன வேலை?’ என்கிறாள். ஏன் சார் இப்படி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வடைக்கடைக்கும் போயிருப்பீர்கள்; அது தனி வழக்கு. இந்த வழக்கில் குற்றவாளி போன்தான். கைதட்டல் மாதிரி சட்டென்று முடிகிற ‘டப்’பில் அடிக்குரல் முதல் உச்சக்குரல் வரை எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும் என்கிறது, ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே கணக்கு. பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, பாறையில் சிதறுகிற தண்ணீர் இப்படி எத்தனையோ ‘டப்’களை ஒரே நேரத்தில் போடுகிறது. பழைய பாணி போன் அழைப்போ ஒலியை நொடிக்கு 8,000 முறைதான் தொட்டுப் பார்க்கும். அதில் பாதி, அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. மீறி விட்டால் உச்சக்குரல் தாழ்ந்த குரலாக மாறுவேஷம் போட்டு உள்ளே நுழைந்துவிடும். அதனால் வாசலிலேயே வடிகட்டிவிடுவார்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் உறுமலும் பெரும்பாலும் போச்சு. மிஞ்சுவது வடை பொரிகிற மாதிரி வெறும் ‘ஸ்ஸ்ஸ்’. புதுப் போன்கள் இன்னும் மோசம்: பேச்சல்லாத எதையும் இரைச்சல் என்று துடைத்தே விடுகின்றன!

வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதில் பெரும்பாலும் நொடிக்கு 48,000 தடவை. அது சரி, சாரல் சீசனில் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன காரணத்தை மட்டும் கேள்வியில் எழுதவில்லையே?