காலி நாற்காலி, எட்டு வரிகளுக்கு மிகாமல்

இந்த வாரத்துத் தலைப்பு 'காலி நாற்காலி' என்று நிச்சயமாகியிருக்கிறது. போன வாரம் 'மழை நனைத்த ஜன்னல்'. அதற்கு முந்தின வாரம் 'மௌனம்'. எட்டு வரிகளுக்கு மிகாமல் கவிதையாகவோ, ஒரு பக்கத்துக்கு மிகாமல் கதையாகவோ ஞாயிறு மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது, கிண்டியில் நான் வசிக்கும் பேட்டையின் கவிதை வட்டத்தார் செய்துகொண்ட ஏற்பாடு. அதன் அமைப்பாளர் பரம சாது. வார நாட்களில் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர். பிறருடைய கற்பனா சக்தி உறங்கிக் கிடப்பதைக் காணச் சகியாமல், சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கைப்பேசி வாயிலாக அதைத் தட்டி எழுப்புகிறவர். "சும்மா ஒரு எட்டு வரி சார், உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று அவர் கேட்கும்போது, அந்தக் குரலில் ததும்பும் வாஞ்சையைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பெரும் பிரயத்தனமாக இருக்கிறது.

கவிதையின் கரு எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் குறித்து, நெடுநாள் ஆலோசனைக்குப் பின் நான் கண்ட ஓர் உண்மையை இக்கட்டுரையில் வெளியிடுவதாக உத்தேசம். அதற்கு முன்னால், தலைப்புக் கொடுப்போரின் பரம்பரையைப் பற்றிச் சிறிது பிரஸ்தாபித்தாக வேண்டும்.

நம் முன்னோர்களும் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவரும் வாஞ்சையோடு கொடுத்ததாகத் தெரியவில்லை. திருமலைராயன் பட்டினத்தில் காளமேகப் புலவருக்கு நேர்ந்ததாகக் கர்ணபரம்பரை கூறும் எமகண்டத்தை எண்ணிப் பாருங்கள்: கீழே கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, அதற்கு மேலே சங்கிலியில் தொங்கும் உறி, உறியில் அமர்ந்த புலவரைச் சுற்றிக் கத்திகள், சங்கிலிகளின் மறுமுனையில் யானைகள், எதிரே பல்லக்கேறும் புலவர்கள் அறுபத்து நால்வரும் அவர்களுக்குத் தலைவரான அதிமதுர கவியும், இத்தனை சௌகரியங்களையும் செய்து கொடுத்த பிறகே, கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் பாடு என்றார்கள், அவரும் பாடினார். முருகக் கடவுளைப் பாட வேண்டும், ஆனால் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவனும் அவருக்குக் கிடைத்தான் என்பார்கள். அவர் செருப்பைப் போர்க்களமாக்கி அதிலே வேலவனை இறக்கிவிட்டார். எட்டயபுரத்தில் இளம் பாரதிக்கு ஈற்றடி கொடுத்தவர், அவரைச் சபை நடுவே சிறுமைப்படுத்தவே கொடுத்தார். அது கொடுத்தவர் தலைமீதே திரும்பி விழுந்தது. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரை, அவர் முஸ்லிம் என்பதற்காகவே மடக்க எண்ணி, இராமனைத் துணை கொள்ளும்படி ஓர் ஈற்றடி கொடுத்த மகானுபாவரும் உண்டு; பாவலரோ முந்தின அடியின் நுனியில் ஒரே ஓர் அசையைக் கொண்டு வைத்து, தம்மைக் குறித்த சொல்லை இராமனுடைய கடைசித் தம்பியாக மாற்றிவிட்டுச் சபையின் கரகோஷத்தைப் பெற்றுக்கொண்டார்.

ஆக, தலைப்புக் கொடுக்கிறவனுக்குப் பகை வேண்டும். குறைந்தபட்சம் பொறாமையாவது வேண்டும். (நான் வெளியிடுவதாகச் சொன்ன உண்மை இதுவல்ல, இது போகிற போக்கில் தோன்றியது.) பகை இல்லாத இடத்தில் பொன்னாவது இருக்க வேண்டும். தருமிக்கு வாய்த்தது பாண்டியனுடைய சந்தேகமும் ஆயிரம் பொன் கிழியும். 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் புலம்பிக் காட்டியதை நாம் சிரித்துச் சிரித்துப் பார்த்தோமே தவிர, கொடுத்த தலைப்புக்கு எழுது என்றால் நியாய புத்தியுள்ள மனிதன் செய்யக்கூடியது அதுவொன்றே என்பதை உணர்ந்தோமில்லை: நேரே கோயிலுக்குப் போய் அழுது, அங்கே உள்ளவரையே எழுதித் தரச் செய்துவிட்டான். எங்கள் அமைப்பாளரிடம் யானையும் இல்லை, பொன்னும் இல்லை. மலர்ந்த முகம் ஒன்றுதான் இருக்கிறது.

நாற்காலிக்கு வருகிறேன். காலி நாற்காலி என்பது எந்த தேசத்து வஸ்து என்று எனக்கு விளங்கவில்லை. என் வீட்டு நாற்காலிகளில் ஒன்றின்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளும், இன்னொன்றின்மேல் இஸ்திரியிலிருந்து வந்த துணிகளும், மூன்றாவதன்மேல் இவ்விரண்டு வகுப்பில் எதைச் சார்ந்தவை என்று இன்னும் தீர்மானம் ஆகாத துணிகளும், நான்காவதன்மேல் பழைய பேப்பர்காரரின் வருகையை எதிர்நோக்கும் பத்திரிகைகளும் வீற்றிருக்கின்றன, குடும்பத்தார் நிற்கிறோம். காலையில் கிண்டி ஸ்டேஷனில் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், மூவருக்கென்று அமைந்த பலகையில் நான்காமவர் ஏற்கெனவே ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்க, ஐந்தாமவர் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு நெருங்குகிறார். கல்யாண மண்டபத்தில் ஆளில்லாத நாற்காலி ஒன்று கண்ணில் பட்டதே என்று ஆவலோடு போனால், அதன்மீது ஒரு கைக்குட்டை கிடக்கிறது. அடுத்ததில் ஒரு கைப்பை. அதற்கடுத்ததில் தாம்பூலப் பை. மயிலாப்பூர் சபாக்களில் மார்கழி மாதத்துக் காரியமும் இதுவே. பந்தியிலோ, ஒருவர் ரசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் அவருடைய நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு பின்னால் நின்றுவிடுகிறார். பாயசம் பரிமாறும்போது அவருடைய மூச்சு சாப்பிடுகிறவர் பிடரியில் படுகிறது. மோருக்கு வந்ததும் நாற்காலி மெல்லப் பின்வாங்கத் தொடங்குகிறது. சர்க்கார் ஆபீசில் மட்டும் ஆளில்லாத நாற்காலி உண்டு என்று யாராவது ஆட்சேபிக்கலாம். அங்கேயும் முதுகில் ஒரு துருக்கித் துண்டு போர்த்தியிருக்கிறது. "சார் இப்பதான் வெளிய போனாரு" என்று பக்கத்து மேஜைக்காரர் சத்தியம் செய்கிறார். சட்டப்படி அது காலி அல்ல. பேட்டையில் நான் கண்ட உண்மையான காலி நாற்காலி, டீக்கடை வாசலில் ஒரு கால் முறிந்து சுவரோடு சாத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே. அதையும் ஒரு பூனை அனுபவ பாத்தியதையில் வைத்திருக்கிறது.

இது எனக்குத் தெரிந்த நாற்காலி. வட்டத்தாருடைய நாற்காலி வேறு. வந்து சேர்ந்த கவிதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதில் அப்பா உட்கார்ந்திருந்தார், இப்போது இல்லை, ஆகையால் நாற்காலி காலி, ஏழாம் வரியில் ஒரு கண்ணீர்த் துளி, எட்டாம் வரியில் மூன்று புள்ளிகள். போன வாரத்து ஜன்னலுக்கு வெளியேயும் அவரே நனைந்துகொண்டிருந்தார். என் தகப்பனாரோ ஜன்மத்தில் நாற்காலியை மதித்தவர் அல்லர். தரையில் தூணோடு சாய்ந்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதே அவருக்குப் பிரியம். அவரைக் கொண்டுபோய் எட்டாம் வரியில் உட்கார வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அமைப்பாளர் செகாவைக் கொண்டு வருகிறார். மேஜைமேல் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்து, 'வேண்டுமானால் நாளைக்கே இதை வைத்து ஒரு கதை எழுதிவிடுகிறேன்' என்று அவர் கொரொலென்கோவிடம் சொன்னாராம். சொன்னது வாஸ்தவம், கொரொலென்கோவே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 'சாம்பல் கிண்ணம்' என்றொரு கதை செகாவின் தொகுதிகளில் காணோம். சொன்ன தினத்தோடு விஷயத்தை விட்டுவிட்டு, அடுத்த நாள் தமக்கு இஷ்டமானதை எழுதப் போய்விட்டார் என்பதிலிருந்தே அவர் மேதை என்பது விளங்குகிறது.

கதைக்குக் கரு வேண்டுமென்றால் கிண்டியில் அதற்குப் பஞ்சமா? 99 வருஷக் குத்தகைக்கு விட்ட குதிரைப் பந்தய மைதானத்தை, காலம் முடிவதற்கு முன்பே, 2024-இல் சர்க்கார் பூட்டி முத்திரை வைத்து, 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த பூமியில் குளம் வெட்டப் புறப்பட்டதே. பரம்பரை பரம்பரையாக அங்கே குதிரையை நம்பி வாழ்ந்தவனும், குதிரையை நம்பிக் கெட்டவனும் இதே தெருக்களில்தானே நடமாடுகிறார்கள்? இதைத் தலைப்பாகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "அரசியல் வேண்டாம் சார், மனசைத் தொடுற மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார்.

கருவின் பிறப்பைப் பற்றிய அந்த உண்மையைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. மணி ஐந்தரை; ஆறு மணிக்கு எல்லோரும் கூடி, எழுதியதை அவரவர் வாயாலேயே வாசிக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: தம் கவிதையை வாசித்து முடித்தவர், கைதட்டல் ஓய்வதற்குள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்றோ, வீட்டில் விருந்தாளி வந்திருப்பதாகவோ தமக்கு மாத்திரம் கேட்கும்படி சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார். வயதில் மூத்தவர் என்ற மரியாதைக்காக, என்னைக் கடைசியில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.