வல்லரசாகத் தொடங்குவோர் சோற்றுக்குத் திண்டாடுவது ஏன்? ஸ்ரீரங்கச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் வல்லரசு ஒன்றைக் கையில் எடுத்து, ஆரவாரமாகத் தொடங்கி, சீக்கிரமே மண்ணைக் கவ்வுவது ஊரறிந்த செய்தி. காரணம் என்ன என்பதில்தான் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. டாங்கி போதவில்லை என்பார் சிலர். லேப்டாப் சூடாகிவிட்டது என்பார் பலர். உண்மைக் காரணம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் 1752-லேயே வெளிப்பட்டுவிட்டது என்றும், யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. ஆய்வுப் பொருளும் வரையறையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்டம் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரை நம்மிடம் ஒப்படைத்து, நீயாவது ஒழுங்காக நடத்து என்று சொல்லும் ஆட்டம். திறந்ததும் 1936 ஜனவரி 1 என்று தேதி காட்டும். கீழே ஏழு வல்லரசுகள் வரிசையாக நிற்கும்: ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா. கட்டாயம் ஒன்றுமில்லை. நேபாளத்தை எடுக்கலாம். ஏற்கெனவே இத்தாலியிடம் அடிவாங்கிக்கொண்டிருக்கும் எத்தியோப்பியாவை எடுக்கலாம். பிரிட்டிஷ் ராஜ் என்ற பெயரில் நம்மையே எடுக்கலாம். லண்டன் சொன்னபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் புதிதாக ஆட வருகிறவர் கை நேரே ஜெர்மனிமேல் போய் விழுகிறது.

இக்கட்டுரையில் 'வல்லரசு' என்பது, ஆட்டம் தொடங்கும் முன்பே நிறைய வைத்திருப்பவரைக் குறிக்கும். 'தொடக்கம்' என்பது, ஸ்பேஸ் பாரைத் தட்டி நாளை நகர்த்துவதற்கு முந்தைய காலத்தைக் குறிக்கும். இந்தக் காலத்துக்கு உச்சவரம்பு ஏதும் இல்லை என்பதைக் களஆய்வு காட்டும்.

2. களஆய்வு

களம்: ஸ்ரீரங்கம், உத்தர வீதியில் ஒரு வீடு. காலம்: கோடை விடுமுறை. ஆய்வுக்கு உட்பட்டவர்: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன். உடனிருந்தோர்: ஊஞ்சலில் தாத்தா, சமையலறையில் பாட்டி. பேரன் ஜெர்மனியை எடுத்திருந்தான். ஆராய்ச்சிக்கு எதைக் கொடுப்பது, எந்தத் தொழிற்சாலையில் துப்பாக்கி, எதில் விமானம், ஒரு டிவிஷனில் எத்தனை பட்டாலியன், எந்த மந்திரியை வைத்துக்கொள்வது, தளபதிகளில் யார் மூஞ்சி நம்பும்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டம்ளரில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"சாப்பிட வாடா, இலை போட்டாச்சு."

"இரு பாட்டி, ஹிட்லருக்கு ரப்பர் வாங்கிண்டிருக்கேன்."

தாத்தா ஊஞ்சலை நிறுத்தினார். "தேதி என்னடா ஆச்சு?"

"ஜனவரி ஒண்ணு, தாத்தா."

"கார்த்தாலயும் அதைத்தானேடா சொன்னே?"

இந்த உரையாடலில் இருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, வல்லரசின் முதல் நாள் மற்ற நாடுகளின் முதல் நாளைவிட நீளமானது. நேபாளத்தை எடுத்தவன் இந்நேரம் மார்ச் மாதத்தில் இருப்பான். இரண்டு, நிறைய வைத்திருப்பவனுக்கு இல்லாததும் நிறைய. ஜெர்மனியிடம் எஃகு இருக்கிறது. ரப்பருக்கும் எண்ணெய்க்கும் அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும்.

3. கோட்பாட்டுப் பின்னணி

திருக்குறளில் வலியறிதல் 48-ஆம் அதிகாரம், காலமறிதல் 49, இடனறிதல் 50. வைப்புமுறையே ஒரு பாடத்திட்டம். நம் ஆட்டக்காரர்கள் 48-லேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தன் வலியை எண்ணி எண்ணி மகிழ்ந்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. காலத்தையும் இடத்தையும் எதிராளி படித்துவிடுகிறான்.

அமெரிக்கரான ஆலன் கால்ஹேமர் 1959-ல் வெளியிட்ட டிப்ளமசி என்ற பலகை விளையாட்டும் இங்கே கருதத்தக்கது. அதிலும் ஏழு வல்லரசுகள். ஆட்டம் தொடங்குவது 1901 வசந்த காலத்தில். ஆறு நாடுகளுக்குத் தலா மூன்று படைப்பிரிவு. ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு. அந்தக் கூடுதல் ஒன்றின் பலன், இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, துருக்கி ஆகிய நான்கு பக்கத்து நாடுகளின் கண்ணும் முதல் நாளே ரஷ்யாமேல் விழுவது.

ஆனால் மேலைநாட்டுக் கோட்பாடுகளை எல்லாம் ஓரம் கட்டும் மூலநூல் நம் கோயில் மண்டபங்களின் கல்தரையில் கோடுகளாகக் கீறப்பட்டுக் கிடக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. இதைக் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் எனக்குப் புலி என்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஆட்டை எடுத்துக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வருவார். கடைசியில் புலி சாவதில்லை. நகர இடமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பெயர்தான் தோல்வி. இந்தக் கோட்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு முதன்மைச் சான்றுக்குச் செல்வோம்.

4. முதன்மைச் சான்று: புலி தீவுக்குள் போன கதை

ஆண்டு 1751. வல்லரசு: பிரான்ஸ். ஆட்டக்காரர்: புதுச்சேரி கவர்னர் டூப்ளே. அவர் திரையில் தெரிந்த காட்சி எந்தக் கல்லூரி மாணவனும் பொறாமைப்படக்கூடியது. ஹைதராபாத்தில் அவர் கைகாட்டிய நிஜாம், காவலுக்குப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை. கர்நாடக நவாப் பட்டத்துக்கு அவர் ஆள் சந்தா சாகிப். துபாஷியாக ஆனந்தரங்கப் பிள்ளை. அவரோ தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர், ஆகவே புகழுக்கும் குறைவில்லை. எதிரில், ஆம்பூர்ப் போரில் தந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் திருச்சிக் கோட்டைக்குள் ஒடுங்கிக் கிடந்த முகமது அலி. ஏறக்குறைய அந்த ஓர் ஊர்தான் அவருக்கு மிச்சம்.

முகமது அலி செய்தது என்ன? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டவருக்கெல்லாம் வாக்குக் கொடுத்தார். மைசூர் நஞ்சராஜருக்கு, வந்து காப்பாற்றினால் திருச்சியையே தருவதாக ரகசிய வாக்கு. சிறிய நாட்டை எடுத்தவன் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஆட்டம் இது: இருப்பதை விடாதே, இல்லாததைத் தாராளமாகக் கொடு. புதுக்கோட்டைத் தொண்டைமான் தயவில் தானியமும் வந்துகொண்டிருந்தது. ஓர் ஊருக்குச் சோறு போட ஒரு வழி போதும்.

முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயர் தரப்பில் ராபர்ட் கிளைவ், 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளோடு போய் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையையும் தாங்கினார். பள்ளிப் பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் ஆய்வுக்கு வேண்டிய செய்தி வேறு. குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்த கிளைவ், 1749-ல் படைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் அதிகாரியாக இருந்தவர். அதாவது அரிசிக் கணக்கு பார்த்தவர். இந்த வரியை வாசகர் அடிக்கோடிடுக.

திருச்சியை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா. 1720-ல் பிரான்சின் பணத்தை ஊதிப் பெருக்கி வெடிக்கவைத்த நிதி மேதை ஜான் லாவின் தம்பி மகன். 1752-ல் ஆங்கிலேயத் தளபதி லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், லா யோசித்தார். எதிரே ஒரு தீவு. இருபுறமும் ஆறு. நடுவில் ஏழு மதில் சூழ்ந்த அரங்கன் கோயில். வரைபடத்தில் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்குமா? கொண்டுபோக முடியாத தானியத்தைக் கொளுத்திவிட்டு, சந்தா சாகிபையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தார். வலியறிந்தார், இடனறிதலில் கோட்டைவிட்டார்.

அந்தத் தீவை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நாலு பக்கமும் நாலு ஊரை அடைத்தால் உள்ளே உப்புகூட வராது. ஆடு வைக்கும் படலம் தொடங்கியது. திருவெறும்பூர் போனது. கிழக்கே கோயிலடியைத் தஞ்சைப் படை பிடித்தது. தானியம் சேர்த்துவைத்திருந்த லால்குடி போனது. கிளைவின் யோசனைப்படி படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் முகாமிட்டு புதுச்சேரி வழியை மறித்தது. வடகரையில் இருந்த பிச்சாண்டார்கோவிலும் விழுந்தது. உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் தீவை எட்ட முடியாமல் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். தீவுக்குள் சந்தா சாகிபின் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்தார்கள். சிலர் எதிரி முகாமிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். சோறு அங்கேதான் இருந்தது.

1752 ஜூனில் லா சரணடைந்தார். அவரோடு ஏறக்குறைய 800 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும். தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிப் போன சந்தா சாகிபை, எனக்கு உனக்கு என்று ஆங்கிலேயரும் மைசூராரும் மராத்தியரும் நவாபும் கேட்க, மானோஜி தலையை வெட்டிச் சச்சரவை முடித்தார். புலி மூன்றும் முடங்கின.

இந்தக் கதையை விரிவாக எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம், கோயிலுக்குள் இருந்த ராஜபுத்திரர்களைப் பற்றியும் சொல்கிறார். வென்ற படை உள் மதிலைத் தாண்டி வந்தால் உயிர் உள்ளவரை வெட்டுவோம் என்றார்களாம். வென்றவர்கள் தாண்டவில்லை. அந்த முழுப் போரிலும் எல்லை எதுவென்று தெரிந்து நின்றவர்கள் அவர்கள் மட்டுமே என்று தோன்றுகிறது.

5. துணைச் சான்றுகள்

அ) தெற்கு ராயகோபுரம். பெரிதாகத் தொடங்குவதன் தீங்குக்கு ஸ்ரீரங்கம் வேறொரு சான்றையும் வைத்திருந்தது. விஜயநகரத்தார் காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன அந்தக் கோபுரம், லா துரை தீவில் இருந்தபோதும் மொட்டையாகவே நின்றது. அது 236 அடி உயர ராஜகோபுரமாக எழுந்தது 1987-ல். வல்லரசு போட்ட அடித்தளத்தை முடிக்க ஒரு ஜீயரும் ஊர் கூடிக் கொடுத்த நன்கொடையும் தேவைப்பட்டன.

ஆ) 1753 நவம்பர் இரவு. வாக்குப்படி திருச்சி கிடைக்காத மைசூரார் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொள்ள, இரண்டாம் முற்றுகை நடந்தது. ஓர் இரவு பிரெஞ்சுப் படை ஏணி வைத்து மதிலேறி, ஒரு பீரங்கி மேடையைச் சத்தமில்லாமல் பிடித்துவிட்டது. சுடக் கூடாது என்பது உத்தரவு. கைப்பற்றிய பீரங்கிகளைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ஊரைப் பார்த்துத் திருப்பிச் சுட்டார்கள். ஊர் விழித்துக்கொண்டது. முன்னூறுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். கையில் பெரிய ஆயுதம் கிடைத்தால் அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற அரிப்பு, இன்று மவுஸ் பிடிக்கும் விரல்களிலும் காணப்படுகிறது.

6. எதிர்வாதமும் மறுப்பும்

அப்படியானால் எல்லாரும் சிறிய நாட்டையே எடுத்து ஆடலாமே என்று கேட்கப்படலாம். முகமது அலி வென்றவர்தானே? வென்றவர்தான். 1763 பாரிஸ் உடன்படிக்கை அவரை நவாபாக ஏற்றது. 1795-ல் சாகும்வரை பட்டத்தில் இருந்தார். ஆனால் வாங்கிய உதவிக்கெல்லாம் பில் வந்தது. அவர் கடன் லண்டன் நாடாளுமன்றம்வரை நாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார். 1801-ல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கர்நாடகத்தையே எடுத்துக்கொண்டபோது சென்னை கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன். அரிசிக் கணக்கு பார்த்தவர் வீட்டில் வட்டிக் கணக்கும் பார்த்திருக்கிறார்கள்.

டூப்ளேயை 1754-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கம்பெனிக்காகச் சொந்தப் பணம் செலவழித்தேன் என்று வழக்காடியே 1763-ல் ஏழையாக இறந்தார். ஆக, பெரிய நாட்டை எடுத்தவருக்குச் சோறு போகிற வழி தெரியவில்லை. சிறிய நாட்டை எடுத்தவருக்குச் சோற்றுக்கு யார் பணம் கட்டுகிறார் என்பது தெரியவில்லை.

7. பரிந்துரைகள்

ஒன்று: தெப்பக்குளம் பக்கம் கிளைவ் குடியிருந்த வீடு என்று சொல்லப்படும் கட்டடம் இன்று கல்லூரி மாணவர் விடுதி. அங்கே இரவில் இவ்வகை ஆட்டம் ஆடப்படுமானால், ஆய்வாளர்கள் மெஸ் நேரத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இரண்டு: மதில் எத்தனை என்று எண்ணும் முன், வாசல் எத்தனை, வாசலுக்கு வெளியே பாதை யார் கையில் என்று எண்ணுக. நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர் ஸ்ரீரங்கத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மூன்று: ஆட்டத்தில் சப்ளை வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. டாங்கி வடிவமைக்கும் பக்கத்தைப் போல அது பளபளப்பாக இருக்காது. முதலில் அதைத் திறந்து பாருங்கள். மந்திரிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியை எடுங்கள், ஜப்பானை எடுங்கள், தடையில்லை. அரிசி வரும் வழியைக் காட்ட முடியாதவர் வல்லரசை எடுக்கத் தகுதியற்றவர் என்பதே இவ்வாய்வின் முடிபு.