தட்டு வீச வந்த தம்பிகளுக்குத் தாத்தா சொன்ன யோசனை

வாங்கய்யா. வா தாயி. திண்ணையில ஏறி உக்காருங்க. நான் ஊருக்கு மூத்தவன்னு தேடி வந்தீகளோ, கண்மாய்க்குள்ள ஆட எடம் வேணும்னா இந்தக் கெழவன் தலையாட்டணும்னு எவனும் சொல்லிவிட்டானோ, அது எனக்கெதுக்கு. தலையை அப்புறமா ஆட்டுவோம். மொதல்ல வாயை ஆட்டுவோம்.

உங்க நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். 'அல்டிமேட் ஃபிரிஸ்பி, கிராமப்புற இளையோர் வளர்ச்சித் திட்டம்.' வழவழன்னு நல்ல காகிதம். நோக்கம் போட்டிருக்கு, தொலைநோக்கு போட்டிருக்கு, நன்கொடை குடுத்தவுக பேரு வரிசையாப் போட்டிருக்கு. 2015-ல ஒலிம்பிக் கமிட்டியே இந்த ஆட்டத்தை அங்கீகரிச்சிருச்சுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. எத்தனை மணிக்கு ஆட்டம், தட்டு யார் வீட்ல இருக்கும், இது ரெண்டையும்தான் எங்கேயும் காணோம். எங்க ஊரு ஆத்தாமாருக்கு ஒலிம்பிக் கமிட்டியைத் தெரியாதுய்யா. டியூசன் வாத்தியாரைத் தெரியும். அவரு சனிக்கிழமை எத்தனை மணிக்குப் புள்ளைகளை விடுவாருன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. அதைக் கேட்டுட்டு நேரம் குறி. குறிச்ச நேரத்துக்கு ஒரு புள்ளை வந்தாலும் நீ அங்க நிக்கணும். ரெண்டு வாரம் நின்னுட்டு மூணாவது வாரம் 'மீட்டிங்'னு போயிட்டா, அந்த ஒரு புள்ளையும் கிரிக்கெட்டுக்குப் போயிரும். அங்க மட்டையும் பந்தும் என்னிக்கும் லீவு போடுறதில்ல.

பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியடைக் கேட்டு வாங்கலாம்னு ஒரு யோசனை வச்சிருக்கீக போல. கேளுங்க, கேளுங்க. பெரிய வாத்தியாரு நல்ல மனுசன், டீ வாங்கித் தருவாரு. அந்த பீரியடை கணக்கு வாத்தியாரு எப்பவோ எடுத்துக்கிட்டாரு. அவருகிட்ட இருந்து அதைத் திருப்பி வாங்குறது, பங்காளிகிட்ட வரப்பைத் திருப்பி வாங்குற மாதிரி.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ராத்திரி பேரன் செல்போன்ல காட்டுனான். நூறு மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் 18 மீட்டர் கோட்டை. ஒரு அணிக்கு ஏழு பேரு. தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஓடக் கூடாது, நின்ன எடத்துல இருந்து அடுத்தவனுக்கு வீசணும். எதிராளி பக்கத்துல நின்னு பத்து எண்ணுறதுக்குள்ள வீசிறணும். கோட்டைக்குள்ள பிடிச்சா ஒரு பாயிண்டு. கீழ விழுந்தா தட்டு அவுங்களுக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா பிடிக்கிறேன்னு ஒருத்தன் அப்படியே பறந்து நெஞ்சால விழுந்தான் பாரு, அந்தப் படத்தை மட்டும் இங்க காட்டிறாதீக. அவன் விழுந்தது புல்லுல. சென்னையில பெசன்ட் நகர்ப் பயலுக விழுறது மணல்ல. எங்க கண்மாயி கட்டாந்தரை, ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள்ளு. ஒரே ஒரு பய அப்படி விழுந்தான்னா, அவன் ஆத்தா விளக்கமாத்தோட என் வீட்டுக்குத்தான் வருவா. மொதல்ல மம்பட்டியை எடுத்து முள்ளைக் களைங்க. ஊரு உங்களை நோட்டீசை வச்சு எடை போடாது, மம்பட்டி பிடிக்கிற கையை வச்சுத்தான் போடும்.

எடுத்த எடுப்புல முழு மைதானமும் கேக்காதீக. பொடிப்பயலுக நூறு மீட்டர் ஓடுனா தட்டைப் பாப்பானா, மூச்சைப் பாப்பானா? மூணுக்கு மூணு, நாலுக்கு நாலுன்னு சின்னக் களத்துல விடு. ஒவ்வொருத்தன் கையிலயும் தட்டு அடிக்கடி வரணும். வரிசையில நிக்க வச்சு ஒரு தட்டை இருபது பேருக்குக் காட்டுனீன்னா அது ரேசன் கடை. ரெண்டு பேருக்கு ஒரு தட்டுன்னு கணக்கு வை. பெரியவுக ஆடுற தட்டு 175 கிராமாம், சின்னப் புள்ளைகளுக்குன்னு 145 கிராம்லயும் இருக்காம். அதை வாங்கு. டீசர்ட்டு அச்சடிக்க வச்சிருக்கிற காசு இருக்கில்ல, அதுலதான். புள்ளைக முதுகுல கம்பெனி பேரு இல்லாட்டியும் தட்டு பறக்கும்.

வீசக் கத்துக்குடுக்குறது பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆனாலும் சொல்லுவேன். அந்த ஃபோர்ஹேண்டுன்னு ஒண்ணு இருக்கே, ரெண்டு விரலை உள்ள குடுத்து வெடுக்குனு விடுறது, அது தோளுல இல்ல, மணிக்கட்டுல இருக்கு. பம்பரம் விடுற பயலுகளை மொதல்ல பிடி. சுழற்சி பத்தலைன்னா தட்டு தள்ளாடும்னு அவனுகளுக்கு விளக்க வேண்டியதில்ல. ஆடி மாசத்துல மட்டும் வெளையாட்டு காட்டாதீக. மேகாத்து அடிக்கும்போது நீங்க இங்க வீசுற தட்டு பக்கத்து ஊரு எல்லையில போயி விழும், அதுக்குத் தனியாப் பஞ்சாயத்து வைக்கணும். ஐப்பசி, கார்த்திகையில கண்மாயில தண்ணி. அப்ப ஆட எடம் கிடையாது. அந்த ரெண்டு மாசத்தை எப்படி ஓட்டுறதுன்னும் நோட்டீசில இல்ல. கோயில் முன்னாடி மந்தையில சும்மா வீசிப் பிடிக்க வை, ஆட்டம் மறக்காம இருக்கும்.

இப்ப, எனக்கு ராத்திரி தூக்கம் வராமப் பண்ணின விசயத்துக்கு வாறேன். இந்த ஆட்டத்துல நடுவரே கிடையாதாமே! உலகப் போட்டியிலகூட ஓரத்துல ஆலோசனை சொல்லுறதுக்கு ஆள் நிக்கலாமாம், தீர்ப்புச் சொல்ல முடியாதாம். தன்மேல இடிச்சான்னு நினைக்கிறவன் தானே 'ஃபவுல்'னு சொல்லணும். எதிராளி ஒத்துக்கிட்டா சரி. ஒத்துக்கலைன்னா தட்டு வீசுனவன்கிட்டயே திரும்பப் போயிரும், மறுபடி ஆடணும். ஏய்யா, கபடியில தீர்ப்புச் சொன்னதுக்காக நடுவரை வேப்பமரத்துல ஏற விட்ட ஊருய்யா இது. நடுவரே இல்லைன்னா மரத்துக்காவது நிம்மதி.

சிரிக்காதீக, இங்கதான் நீங்க கவுந்துருவீக. மொத மாசம் பூரா புள்ளைக ஆடாதுக, சண்டைதான் போடும். ஒரு மணி நேர ஆட்டத்துல முக்காவாசி நேரம் 'இடிச்சான்', 'இடிக்கலை', 'கோட்டுக்கு வெளிய', 'உள்ள'. உனக்குக் கை அரிக்கும். 'சரி சரி, இந்தப் பக்கம் குடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணும். அந்த ஒரு வார்த்தை சொன்னியோ, ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த வாரத்துல இருந்து எந்தப் பயலும் எதிராளி மூஞ்சியைப் பாக்க மாட்டான், உன் மூஞ்சியைத்தான் பாப்பான். நீ இல்லாத அன்னிக்கு ஆட்டமும் இருக்காது. விசிலை பஸ்ஸுலயே மறந்துட்டு வா. வாய் நெறைய வெத்தலையைப் போட்டுக்க. தீர்ப்புச் சொல்லணும்னா எந்திரிச்சுப் போயித் துப்பணும், அதுக்குள்ள புள்ளைக பேசி முடிச்சிருக்கும்.

அமெரிக்காவுல டிக்கெட் போட்டு ஆடுற லீக் ஒண்ணு 2012-ல வந்துச்சாம். அதுல நடுவரை வச்சிருக்காகளாம். பாத்தியா, காசு உள்ள வந்ததும் பின்னாடியே நடுவரும் வந்துட்டாரு. உங்ககிட்ட காசு இல்லாதது எவ்வளவு பெரிய பாக்கியம்!

ஆட்டம் முடிஞ்சதும் ஒரு அணி இன்னொரு அணிக்கு நடத்தை மார்க்கு போடணுமாம். அஞ்சு தலைப்பு: விதி தெரியுதா, மேல இடிச்சானா, நியாயமா யோசிச்சானா, முகம் சுளிக்காம இருந்தானா, ஒழுங்காப் பேசுனானா. ஒவ்வொண்ணுக்கும் சைபர்ல இருந்து நாலு வரைக்கும். சாதாரணமா நடந்துக்கிட்டா ரெண்டு. தோத்துட்டு வந்து எதிராளிக்கு நாலு போடுற மனுசன் இந்தப் பக்கம் இன்னும் பொறக்கலை. உங்க புண்ணியத்துல பொறந்தா, அவனை நான் எலெக்சன்ல நிக்கவிடாமப் பாத்துக்கிறேன். கெட்டுப்போயிருவான்.

அதைவிடப் பெருசு இன்னொண்ணு இருக்கு. ரெண்டு அணியும் கலந்து வட்டமா நின்னு, தோள்ல கை போட்டுக்கிட்டு, ஆட்டத்தைப் பத்திப் பேசுறீக. தம்பி, எந்தத் தோள்ல எந்தக் கை விழலாம்னு எங்க ஊர்ல ஒரு கணக்கு உண்டு. எங்கேயும் எழுதி வைக்கலை, ஆனா பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். மேலத்தெரு ஒரு அணி, காலனி ஒரு அணின்னு பிரிச்சு ஆடுனா வசதியா இருக்கும்னு ரெண்டு பெரிய மனுசன் உன்கிட்ட வந்து நைசாச் சொல்லுவாக. 'அவுக அவுகளுக்குப் பழக்கமான ஆளோட ஆடட்டுமே'ம்பாக. நீ சண்டைக்குப் போகாத. பிரசங்கமும் பண்ணாத. தட்டு நிறத்தை வச்சோ, பொறந்த மாசத்தை வச்சோ அணி பிரிச்சிரு. யாராவது கேட்டா, 'உலகம் பூரா இதான் முறை, ஒலிம்பிக்காரவுக கோச்சுக்குவாக'ன்னு பவ்யமாச் சொல்லு. நோட்டீசில தடிச்ச எழுத்துல போட்டியே, அதுக்கு இங்கதான் உபயோகம். வெள்ளைக்காரன் முறைன்னு சொன்னா எங்காளுக தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிருவாக. என்னைக் கேட்டா எனக்குக் காது கேக்காது. சில நாள் நெசமாவே கேக்காது.

தாயி, உன்கிட்டதான் இதைச் சொல்லணும். ஆம்பளையும் பொம்பளையும் கலந்து ஒரே அணியில ஆடுறதுதான் இதுல அழகுன்னு சொன்ன. நாலுக்கு மூணுன்னு களத்துல நிக்கணும். நிக்க வச்சிருவ. ஆனா பயலுக தட்டை அந்தப் புள்ளைகளுக்குப் போட மாட்டானுக. ஓடி ஓடி, கை தூக்கித் தூக்கி, ஒரு நாள் அதுக வீட்லயே இருந்துக்கும். 'பொண்ணு கைக்குப் போனாத்தான் பாயிண்டு'ன்னு சட்டம் போட்டா, கடனுக்கு ஒரு தட்டு போட்டுட்டுத் திரும்பிக்குவானுக. வேற வழி இருக்கு. மொத ரெண்டு மாசம் பொம்பளைப் புள்ளைகளுக்கு மட்டும் கத்துக்குடு. அப்புறம் அதுகளை வச்சே பயலுகளுக்குக் கத்துக்குடு. தனக்கு வீசச் சொல்லிக்குடுத்தவளுக்குத் தட்டு போடாம இருக்க எவனுக்கும் தைரியம் வராது. பெரிய மனுசியானதும் புள்ளைய நிறுத்திருவாக, அதுக்கும் தயாரா இரு. அப்பன்மார்கிட்ட அனுமதி கேட்டு நேரத்தை வீணாக்காத, ஆத்தாளைக் கேளு. வெளிச்சம் மங்குறதுக்குள்ள விட்டுரு. வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போ. பக்கத்துல ஒரு கக்கூசு இருக்கான்னு பாத்துக்க. இதெல்லாம் தொலைநோக்குல வராது.

கோப்பை, டோர்னமெண்டு எல்லாம் இப்ப வேண்டாம். கோப்பை வந்தா அதைக் குடுக்க ஒரு ஆள் வருவாரு. அவரு வந்தா பேனர் வரும், பேனர் வந்தா ரெண்டாவது பேனர் வரும். நல்லா ஆடுற ரெண்டு புள்ளைகளை மட்டும் பொறுக்கி மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறதும் வேண்டாம். போனா எல்லாத்தையும் கூட்டிட்டுப் போ. அங்க 'ஸ்வெட்டர் போட்ட தெருநாய்கள்'னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு அணி இருக்காமே, ஸ்ட்ரே டாக்ஸ் இன் ஸ்வெட்டர்ஸ்! அந்த வேக்காட்டுல ஸ்வெட்டராய்யா? அவுகளைப் பத்தி '175 கிராம்ஸ்'னு குறும்படம் எடுத்து, சன்டான்சுல 2015-ல பரிசும் வாங்கிட்டாக. அந்தப் படத்தை எங்க புள்ளைகளுக்கு மந்தையில ஒரு நாள் போட்டுக் காட்டு, செலவில்லாத டோர்னமெண்டு.

இந்த ஆட்டம் எப்படிப் பொறந்துச்சுன்னு பேரன் சொன்னான். 1968-ல அமெரிக்காவுல நியூஜெர்சி பக்கம் மேப்பிள்வுட்டுன்னு ஒரு ஊரு, கொலம்பியா உயர்நிலைப் பள்ளிக்கூடம். ஜோயல் சில்வர்னு ஒரு பயலும் அவன் கூட்டாளிகளும் கார் நிறுத்துற எடத்துல விளக்கு வெளிச்சத்துல ஆடிக்கிட்டு இருந்திருக்கானுக. விதியும் அவனுகளே எழுதிக்கிட்டானுக. படிச்சு முடிச்சுக் காலேஜுக்குப் போனவனுக அங்கேயும் தட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கானுக. 1972-ல ரட்கர்ஸ் காலேஜும் பிரின்ஸ்டன் காலேஜும் மோதி, 29-க்கு 27-ன்னு ரட்கர்ஸ் ஜெயிச்சுருக்கு. அந்த சில்வர் பய பின்னாடி 'மேட்ரிக்ஸ்' படம் தயாரிச்ச பெரிய ஆளாயிட்டான். இந்தக் கதையில எந்த எடத்துலயாவது ஒரு ஒருங்கிணைப்பாளர் வர்றாரா? நான் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன், வரலை.

அதனால பத்தாவது படிக்கிற புள்ளைகள்ல ரெண்டு பேரைப் பிடிச்சு, பொடிசுகளைப் பழக்குற வேலையை அடுத்த தையில இருந்தே அதுககிட்ட விட்டுரு. தப்பாத்தான் சொல்லிக்குடுக்கும். குடுக்கட்டும். தட்டுகளையும் அதுக வீட்லயே வை, உன் கார் டிக்கியில வைக்காத. நீ வராத சனிக்கிழமையும் கண்மாய்க்குள்ள சத்தம் கேட்டா, உனக்கு நானே ஆள்விட்டுச் சொல்லி அனுப்புறேன்.

எடம்தானே? எடுத்துக்கங்க. முள்ளு வெட்ட ரெண்டு மம்பட்டி தொழுவத்துல இருக்கு, கூர் மழுங்கியிருக்கும். ஒரு நிபந்தனை. ஓரம் தேஞ்சுபோன தட்டு ஏதாவது இருந்தா ஒண்ணைக் குடுத்துட்டுப் போங்க. ஆடுறதுக்கு இல்லய்யா, கோழிக்குத் தண்ணி வைக்க. அப்படியே அந்த ரெண்டு விரலை எங்க குடுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ தாயி. கோழி கேக்கும்.