கை வீசும் அண்ணன்

சுவிஸ் மச்சான் கொண்டுவந்து கொடுத்த ரோலெக்ஸோடு ஓர் அண்ணன் உங்கள் தெருவிலும் இருப்பார். எங்களுடையவர் கண்டி கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருக்கிறார். முழுக்கைச் சட்டைதான் போடுவார். இடக்கை மட்டும் முழங்கை வரை மடிந்திருக்கும்.

அது ஆட்டோமேட்டிக். பற்றரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஓர் எடை. கை அசைந்தால் அது சுழன்று வில்லை முறுக்கும். ரோலெக்ஸ்காரர்கள் 1931-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நாலு பேரைப்போல எழுந்து, உடுத்தி, சாப்பிட்டு, கணக்கெழுதினாலே அதற்குப் போதும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கை கடிகாரத்துக்குக் காணாது என்று எந்தப் பாவியோ அண்ணன் காதில் ஓதிவிட்டான். அன்றிலிருந்து வீசுகிறார்.

காலையில் வாவிக் கரையில் பார்க்க வேண்டும். வலக்கை பொக்கெட்டில் சும்மா கிடக்கும். இடக்கை மட்டும் முன்னும் பின்னும் போய்வரும். ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807-இல் கட்டிய வாவியை இவர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் த்ரீவீல்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். "மாத்தயா, கொஹேத யன்னே?" வேண்டாம் என்று அண்ணன் கையை ஆட்டுவார். அதைப் பார்த்துப் பின்னால் வருகிற த்ரீவீலும் நிற்கும். சாப்பாட்டுக் கடையில் வீசினால் வெயிட்டர் ஓடிவருவார். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூசி ஒரு பிளேன்டீ சொல்லுவார். பிள்ளையார் கோவில் மணியை இடக்கையால் அடித்து ஐயரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு செத்தவீட்டில், கூப்பிடுகிறார் என்று நினைத்து, இறந்தவரின் மகன் எழுந்து வந்து அண்ணன் தோளில் சாய்ந்து அழுதான். அப்போதும் மணிக்கட்டு நிற்கவில்லை. தட்டிக்கொடுக்கிறார் என்று சனம் நினைத்தது.

"நின்றுபோனால் குமிழைத் திறந்து ஒரு 25 சுற்றுக் கொடுத்தால் முடிந்ததே, அண்ணே?" என்றேன்.

"என்ன தம்பி பேசுறீங்க? மரை தேஞ்சிடும்!"

தோள் தேய்கிறதே என்று அண்ணி ராத்திரியில் சித்தாலேப தடவிவிடுகிறார்.

ஒரு நாளைக்கு இரண்டு செக்கனுக்கு மேல் கூடாது, குறையாது என்பது கம்பனி வாக்கு. அண்ணனுடையது ஒருநாள் மூன்று செக்கன் முந்திவிட்டது. 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் மணியையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் பாதியைப் பின்னுக்கு இழுத்து, மீதியை 2006 ஏப்ரலில்தான் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பத்து வருஷத்திலும் இவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை. முந்தியதை எப்படிக் கண்டுபிடித்தார் என்கிறீர்களா? ஃபோனைப் பார்த்துத்தான்.

இதுவரை சிரிக்கலாம். இவ்வளவு வீசுகிற கை ஒரு நாற்காலி தூக்காது. சங்கக் கூட்டம் முடிந்து நாங்கள் அடுக்கும்போது, "அதிர்ச்சி படக்கூடாது தம்பி" என்று ஓரமாக நிற்பார். பிள்ளைகளின் பரிசளிப்பில் கைதட்ட மாட்டார். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கு லொறியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிய அன்றும் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்; கடைசி மூட்டை இறங்கியதும், எத்தனை நிமிஷம் எடுத்தது என்று மணி பார்த்துச் சொன்னார். அந்த அரிசிக்குக் காசு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசு வந்து மூட்டை இறக்காது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பொங்கலுக்கு மண்டபத்தில் நிறைய வேலை கிடக்கிறது. ரோலெக்ஸ் அண்ணன்மார் எல்லாரும் வாருங்கள். கடிகாரத்தை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பயப்பட வேண்டாம். புது மாடல்களில் பெரும்பாலானவை கழற்றி வைத்தாலும் ஏறக்குறைய 70 மணித்தியாலம் ஓடும்.